செயப்படுபொருளுக்கு உயிர் உண்டா?

ரஷ்ய மொழியில் பெயரடை தன் விருப்பத்துக்கு ஓரடிகூட எடுத்துவைக்க முடியாது. தன் பெயர்ச்சொல் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் அல்லாததா, ஒருமையா, பன்மையா, எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்து, அதற்கேற்ற விகுதியை அணிந்துகொண்டுதான் அது வெளியே வரும். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. புதிய மாணவன், புதிய மாணவி, புதிய மேசை, புதிய மாணவியை, புதிய மாணவிகளுக்கு என்று எங்கே வைத்தாலும் ‘புதிய’ மாறுவதில்லை. வேற்றுமை உருபின் சுமையைப் பெயர்ச்சொல் மட்டும் சுமக்கிறது. ரஷ்ய மொழியிலோ அந்த ஒரு சொல்லுக்கு வேற்றுமை 6, ஒருமையில் பால் 3, பன்மை 1 என்று 24 கட்டங்கள். அவற்றை நிரப்பும் வடிவங்கள் 12.

தமிழ் இலக்கணம் கற்பிக்கிற நான், நாற்பதைத் தாண்டிய பிறகு இந்தக் கட்டங்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தது அக்மதோவாவுக்காகவும் ஸ்வெதாயெவாவுக்காகவும்தான். ரஷ்ய இலக்கியம் நமக்குப் புதிதல்ல. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு அனுப்பிய நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் நாவல் வந்துசேர்வது போலக் கவிதை வந்துசேர்வதில்லை. ரஷ்ய மொழியில் இறந்தகால வினை தன்மையிலும் பால் காட்டும். ‘நான் வந்தேன்’ என்பதை ஆண் சொன்னால் ‘யா ப்ரிஷோல்’, பெண் சொன்னால் ‘யா ப்ரிஷ்லா’. கவிதையின் முதல் வினையிலேயே பேசுவது ஒரு பெண் என்று தெரிந்துவிடும். தமிழில் ‘வந்தேன்’ என்று எழுதியதும் அந்தப் பெண் மறைந்துவிடுவாள். மறைந்துபோன அந்த விகுதியைத் தேடிப் போனபோதுதான் பெயரடையின் விகுதிகள் குறுக்கே வந்தன. அவற்றில் ஒன்றிடம் நான் நின்றுவிட்டேன். அது இரண்டாம் வேற்றுமை விகுதி.

‘புதிய மேசையைப் பார்க்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். மேசை ரஷ்ய மொழியில் ஆண்பால். ‘புதிய’ என்பதற்கு எழுவாயில் ‘நோவி’ என்ற வடிவம். இரண்டாம் வேற்றுமையிலும் அதே ‘நோவி’தான், எந்த மாற்றமும் இல்லை. அடுத்து, ‘புதிய மாணவனைப் பார்க்கிறேன்’. இங்கே ‘நோவி’ வராது, ‘நோவொவொ’ வரும். ஆறாம் வேற்றுமைக்கு உரிய வடிவம் அது. இரவல் வாங்கி இங்கே போட்டுக்கொள்கிறார்கள். மேசைக்கு உயிர் இல்லை, மாணவனுக்கு உண்டு என்பதே காரணம். உயிருள்ள பெயர்களை ரஷ்ய இலக்கணம் ‘அதுஷெவ்லியோன்னி’ என்கிறது. ‘துஷா’ என்றால் ஆன்மா. ஆக, ஆன்மா உடையவை என்று பொருள்.

இனிப் பெண்பாலுக்கு வருவோம். புத்தகம் ரஷ்ய மொழியில் பெண்பால். ‘புதிய புத்தகத்தைப் பார்க்கிறேன்’ என்பதில் ‘நோவுயு க்னீகு’. ‘புதிய மாணவியைப் பார்க்கிறேன்’ என்பதில் ‘நோவுயு ஸ்துதென்த்கு’. இரண்டும் ஒரே வடிவம். மேசைக்கும் மாணவனுக்கும் இடையே இலக்கணம் கோடு கிழிக்கிறது. புத்தகத்துக்கும் மாணவிக்கும் இடையே கிழிப்பதில்லை. அவளுக்கு ஆன்மா இல்லையென்று இலக்கண நூல் சொல்வதில்லை. ஒருமையில், செயப்படுபொருளாக அவள் நிற்கும்போது, அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இன்னும் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. ஆண் என்பதற்கான சொல் ‘முஷ்சீனா’, பெண் என்பதற்கான சொல் ‘ஷென்ஷினா’. இரண்டும் ‘ஆ’வில் முடிகின்றன, ஆணுக்கான சொல்லும் பெண்பால் சொல்லைப் போலவே வேற்றுமை ஏற்கும். இரண்டாம் வேற்றுமையில் முஷ்சீனு, ஷென்ஷினு. இரண்டுக்கும் ஒரே விகுதி. ஆனால் முன்னால் ‘இளம்’ என்ற அடையைச் சேர்த்துப் பாருங்கள். ‘இளம் ஆணை’ என்பது ‘மலதோவொ முஷ்சீனு’. ‘இளம் பெண்ணை’ என்பது ‘மலதூயு ஷென்ஷினு’. பெயர்ச்சொல் எந்த உடை உடுத்தி வந்தாலும், உள்ளே இருப்பவன் ஆண் என்பதைப் பெயரடை கண்டுபிடித்து உயிருள்ளவனுக்கான விகுதியைத் தந்துவிடுகிறது. இறந்துபோன ஆணைக் குறிக்கும் ‘பகோய்னிக்’ என்ற சொல்லுக்கும் அந்த விகுதி உண்டு. செத்தவனுக்கும் இலக்கணத்தில் உயிர் போகவில்லை.

வழக்கை இங்கேயே முடித்துத் தீர்ப்பு எழுதிவிடலாம். ‘பாருங்கள், ஆணாதிக்கம் விகுதியில்கூட இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அப்படிச் செய்தால் இரண்டு அநீதிகள் நடக்கும். ஒன்று மொழிக்கு. மற்றொன்று நமக்கு, ஏனென்றால் இந்த விகுதி சொல்லித்தரக்கூடிய முக்கியமான விஷயம் அந்தத் தீர்ப்புக்கு அப்பால் இருக்கிறது.

முதலில் மொழியின் தரப்பு. மிகப் பழைய ஸ்லாவிய மொழியில் சொற்களின் இறுதி ஒலிகள் தேய்ந்தபோது, ஆண்பால் ஒருமையில் எழுவாய் வடிவமும் இரண்டாம் வேற்றுமை வடிவமும் ஒன்றாகிவிட்டன. சொற்களை எந்த வரிசையிலும் அடுக்க இடம்தரும் மொழி அது. ‘தந்தை, மகன், பார்த்தான்’ என்று உருபு இல்லாமல் மூன்று சொற்கள் நின்றால் யார் யாரைப் பார்த்தது? ‘மகன், மேசை, பார்த்தான்’ என்றால் இந்தச் சிக்கல் வராது. மேசை எங்கே பார்க்கப் போகிறது? குழப்பம் வந்தது செயல்படக்கூடிய இருவர் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நின்றபோதுதான். அதைத் தீர்க்கத்தான் ஆறாம் வேற்றுமை வடிவம் இரவல் வாங்கப்பட்டது. பெண்பால் பெயர்களில் மிகப் பலவற்றுக்கு இரண்டாம் வேற்றுமைக்கென்று தனி வடிவம் ஏற்கெனவே இருந்தது. அவற்றுக்கு இரவல் தேவைப்படவில்லை. யாரும் கூடிச் சதி செய்யவில்லை.

இந்த விளக்கம் சரியானது, ஆனால் முழுமையானதல்ல. பழைய ஸ்லாவியப் பிரதிகளை ஆராய்ந்த மொழியியலாளர்கள், இந்த இரவல் விகுதி தொடக்கத்தில் எல்லா உயிர்களுக்கும் கிடைத்துவிடவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அடிமையல்லாத, வளர்ந்த ஆணுக்கே அது முதலில் உரியதாக இருந்தது. மற்றவர்களுக்கு மெல்ல மெல்லப் பரவியது. ரஷ்ய மொழியின் பன்மையிலும் ஆண்களுக்கு முதலில், பெண்களுக்குப் பிறகு, விலங்குகளுக்கு அதற்கும் பிறகு என்ற வரிசையில்தான் வந்தது. இன்னொன்றும் உண்டு. ‘மாத்’ என்றால் தாய், ‘தோச்’ என்றால் மகள். இன்றைய ரஷ்ய மொழியில் இவ்விரண்டுக்கும் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம். ‘மாத் லூபித் தோச்’ என்றால் தாய் மகளை நேசிக்கிறாள் என்றும் கொள்ளலாம், மகள் தாயை நேசிக்கிறாள் என்றும் கொள்ளலாம். தந்தையும் மகனும் நின்ற அதே குழப்பத்தில் தாயும் மகளும் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒருவரும் இரவல் வாங்கித் தரவில்லை. ஓரிரு சொற்களுக்காக மொழி ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். கேட்கட்டும். குழப்பம் என்று எது கருதப்பட்டது, எது பொறுத்துக்கொள்ளப்பட்டது என்பது மட்டும் அதில் தெரிகிறது.

அந்தத் தாய்க்கும் மகளுக்கும் ஒரே துணை பெயரடைதான். ‘முதிய’ என்ற சொல்லைத் தாய்க்கு முன்னால் வைத்தால் போதும். அது ‘ஸ்தாரயா’ என்று வந்தால் தாய் நேசிக்கிறாள். ‘ஸ்தாருயு’ என்று வந்தால் நேசிக்கப்படுகிறாள். சொன்னதைக் கேட்டு நடக்கும் சொல் என்று பெயரடையை நினைத்திருந்தேன். பெயர்ச்சொற்கள் வாயடைத்து நிற்கும் இடத்தில் சாட்சி சொல்வது அதுதான்.

இனி நமக்கான விஷயம். மாணவனுக்கு அந்தத் தனி விகுதி ஏன் கிடைத்தது என்பதைத் திரும்பவும் யோசித்துப் பார்க்கிறேன். அவன் இந்த வாக்கியத்தில் பார்க்கப்படுகிறவன். ஆனால் அவனாலும் பார்க்க முடியும். அடுத்த வாக்கியத்தில் அவன் எழுவாயாக இருக்கக்கூடும். ஆகவே ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். ‘நோவொவொ’ என்ற விகுதியில் இருப்பது அந்த ஜாக்கிரதை. இவன்மீது செயல் நடக்கிறது, ஆனால் இவன் செயலற்றவன் அல்ல என்ற எச்சரிக்கை. மேசைக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. மரியாதை என்பதற்கு இதைவிடச் சிக்கனமான விளக்கம் எனக்குத் தெரியாது: என் வாக்கியத்தில் செயப்படுபொருளாக நிற்பவர் எழுவாயாகவும் இருக்கக்கூடியவர் என்பதை, அவரைச் செயப்படுபொருளாக்கும் அந்த நொடியிலேயே நினைவில் வைத்திருப்பது.

நம் இலக்கணம் இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். செயப்படுபொருள். வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். ரஷ்ய விகுதியைப் படித்த பிறகுதான் அதற்குள் உட்கார்ந்திருக்கும் ‘பொருள்’ உறுத்துகிறது. செயலுக்கு ஆட்படுவது பொருளாகிவிட வேண்டுமா?

பெண்ணிய உரையாடல்களில் இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், ‘நாங்கள் எழுவாயாக வேண்டும்’ என்பது. சரியான பதில். ஆனால் போதுமான பதில் அல்ல. எப்போதும் எழுவாயாகவே இருப்பவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? அவரை யாரும் பார்க்க மாட்டார்கள், தேற்ற மாட்டார்கள், திருத்த மாட்டார்கள், காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். அது கொடுங்கோலரின் வாழ்க்கை, அல்லது தனிமையின் வாழ்க்கை. நேசிக்கப்படுவதும் இரண்டாம் வேற்றுமைதான். பிறப்பிலும் நோயிலும் முதுமையிலும் இறப்பிலும் நாம் எல்லோரும் அந்த வேற்றுமையில்தான் இருக்கிறோம். ஆகவே அந்த இடத்தை விட்டு வெளியேறுவது என் கோரிக்கை அல்ல. அந்த இடத்தில் நிற்கும்போதும் உயிருள்ளவளாக நடத்தப்பட வேண்டும் என்பதே கோரிக்கை.

பிரசவ அறையில் படுத்திருக்கிறவளின் காலடியில் நின்றுகொண்டு, அவள் காதில் விழும்படியே, அவளைப் பற்றி இருவர் பேசிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் செய்வது அவளைக் காப்பாற்றும் வேலை. அவள் அப்போது செயப்படுபொருளாக இருப்பதில் தவறு எதுவும் இல்லை. ‘இப்போது ஊசி போடப் போகிறேன் அம்மா’ என்ற ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியந்தான் விகுதி.

தமிழ் இந்த விஷயத்தில் நிரபராதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தமிழிலும் இதே கோடு உண்டு. ‘புத்தகம் வாங்கினேன்’ என்று ‘ஐ’ இல்லாமல் சொல்லலாம். ‘ஆசிரியை பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது. ‘ஆசிரியையைப் பார்த்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். உயர்திணைக்கு உருபு வேண்டும். ஆனால் ‘பெண் பார்த்தோம்’, ‘பெண் எடுத்தோம்’, ‘பெண் கொடுத்தோம்’ என்கிறோம். இன்னார் என்று குறிப்பிடாத பொதுப்பெயர் என்பதால் உருபு விழுந்தது என்று இலக்கணம் சொல்லும். ‘மாப்பிள்ளை பார்த்தோம்’ என்பதும் அப்படித்தான். உண்மை. ஆனால் ‘மாப்பிள்ளை கொடுத்தோம்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பெண் பார்க்கிற’ நாளில் நிகழ்வதை ‘ஐ’ இல்லாத அந்தச் சொற்றொடர் துல்லியமாகவே சொல்கிறது. காபித் தட்டோடு வந்து நிற்பவள் இன்னும் இன்னாள் ஆகவில்லை.

நம் பெயரடை மாறுவதே இல்லையே, அது சமத்துவம்தானே என்று மாணவிகள் கேட்பதுண்டு. ‘நல்ல ஆண்’, ‘நல்ல பெண்’ இரண்டிலும் ஒரே ‘நல்ல’. ஆனால் அந்த ஒரே சொல் இருவரிடமும் ஒன்றையா கேட்கிறது? ‘நல்ல பையன்’ என்றால் வம்புக்குப் போகாதவன். ‘நல்ல பெண்’ என்றால் என்னவென்று பட்டியலிட இந்தப் பக்கம் போதாது. பாரசீக மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஈரானின் பெண்கள் அதனால் சமமாகிவிடவில்லை. விகுதி தெரிவதாலேயே அநீதி பிறந்துவிடாது. தெரியாததாலேயே நீதி வந்துவிடாது. ரஷ்யப் பெயரடை, தான் யாருக்காக எப்படி வளைந்திருக்கிறது என்பதை ஊரறியக் காட்டுகிறது. தமிழ்ப் பெயரடை நிமிர்ந்து நின்றபடி வளைகிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் நாம் பெண்ணுக்கான அடைமொழிகளை மாற்றுவதற்கு நிறைய உழைத்திருக்கிறோம். அடக்கமான பெண் போய்த் துணிச்சலான பெண் வந்தாள். சாதனைப் பெண் வந்தாள். மகளிர் தின மேடைகளில் அந்தச் ‘சாதனைப் பெண்ணைப் பாராட்டுகிறோம்’. ‘பெண்களுக்கு அதிகாரம் அளிக்கிறோம்’. ரஷ்ய இலக்கணம் எனக்குக் கற்றுத்தந்த பழக்கம், சொல்லின் தலையைப் பார்க்காமல் வாலைப் பார்ப்பது. ‘நோவுயு’ என்பதை ‘ஸ்மேலுயு’ என்று மாற்றலாம். ‘புதிய’ என்பது ‘துணிச்சலான’ ஆகிவிடும். ‘உயு’ அப்படியே இருக்கும். அடை மாறினாலும் இடம் மாறாது.

எழுவாயாக இருக்கும்வரைதான் பெண்ணாக இருக்க முடியும் என்ற விசித்திரமும் அந்த மொழியில் உண்டு. மருத்துவர் என்பதற்கு ‘வ்ராச்’ என்று ஆண்பால் சொல்தான். மருத்துவர் பெண் என்றால் பேச்சு வழக்கில் ‘நோவயா வ்ராச் ப்ரிஷ்லா’ என்று பெயரடையையும் வினையையும் பெண்பாலில் சொல்லிவிடலாம். ஆனால் ‘புதிய மருத்துவரைப் பார்த்தேன்’ என்று வந்தவுடன் ‘நோவொவொ’ என்ற ஆண்பால் வடிவம் தவிர வேறு வழியில்லை. அவளுக்கு உயிருள்ளவர்களின் விகுதி கிடைக்கிறது. பெண் என்ற அடையாளம் போய்விடுகிறது. அக்மதோவாவும் ஸ்வெதாயெவாவும் தங்களைப் ‘பொயெதெஸ்ஸா’ என்று பெண்பாலில் அழைப்பதை விரும்பவில்லை. ‘பொயெத்’ என்றே இருக்க விரும்பினார்கள். பெண்பால் சொல்லில் ஒரு படி இறக்கம் ஒட்டியிருந்தது. ஆண்பால் சொல்லை ஏற்றபோது இரண்டாம் வேற்றுமையின் அந்த விகுதியும் கூடவே வந்தது. ஆன்மா வேண்டுமென்றால் ஆண்பாலாக வா என்று சொல்லும் வேலையிடங்களை நாம் எல்லோரும் அறிவோம்.

பன்மைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. ‘புதிய புத்தகங்களைப் பார்க்கிறேன்’ என்பது ‘நோவியெ க்னீகி’. ‘புதிய மாணவிகளைப் பார்க்கிறேன்’ என்பது ‘நோவிஹ் ஸ்துதென்தக்’. இங்கே கோடு விழுந்துவிட்டது. ஒருத்தியாக நின்றபோது புத்தகத்தோடு நின்றவள், பலராக நின்றதும் உயிருள்ளவர்களின் பக்கம் வந்துவிடுகிறாள். இது ரஷ்ய மொழிக்கு மட்டும் உரிய அதிசயமும் அல்ல. நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கில், அவள் வந்தாள் என்பதற்கும் அது வந்தது என்பதற்கும் ஒரே வினை, ‘வச்சிந்தி’. பலர் வந்தால், பெண்கள் மட்டுமே வந்தாலும், ஆண்களுக்கு உரிய அதே ‘வச்சாரு’. ரஷ்ய மொழியின் உறவான போலிஷ் மொழி பன்மையிலும் இரங்குவதில்லை: ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள், விலங்குகள், மேசைகள் எல்லாம் மறுபக்கம்.

கூட்டமாக நின்றால்தான் நமக்கு உயிர் என்ற இந்தப் பாடம் எந்த இயக்கப் பெண்ணுக்கும் உற்சாகம் தரும். எனக்கும் தருகிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. இரவில் காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போகிறவள் ஒருமை. மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவள் ஒருமை. கதவு சாத்தப்பட்ட வீட்டுக்குள் இருப்பவள் ஒருமை. ஊர்வலத்தில் மட்டும் கிடைக்கும் உயிர், ஊர்வலம் கலைந்த பிறகு என்ன ஆகும்?

அக்மதோவாவின் ‘ரெக்வியம்’ முன்னுரையை இந்த இடத்தில் நினைக்கிறேன். மகன் சிறையில். 1930களின் இறுதி. லெனின்கிராதின் சிறை வாசலில் 17 மாதங்கள் பெண்களோடு பெண்ணாக அவர் வரிசையில் நிற்கிறார். அவரது பெயரையே கேள்விப்பட்டிராத ஒரு பெண், பின்னால் நின்றபடி, இதை உங்களால் விவரிக்க முடியுமா என்று கேட்கிறாள். தன்னால் முடியும் என்கிறார் அக்மதோவா. அச்சில் வராமல் சில நண்பர்களின் நினைவில் பாதுகாக்கப்பட்ட அந்தக் கவிதை 1963இல் மியூனிக்கில் வெளியானது. சோவியத் நாட்டிலேயே வெளியாக 1987 ஆயிற்று. அந்த வரிசையில் நின்ற எல்லோரும் அரசின் வாக்கியத்தில் செயப்படுபொருள்கள்தான். காத்திருக்க வைக்கப்பட்டவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களை அந்த இடத்திலிருந்து நகர்த்த அந்தப் பெண்ணால் முடியவில்லை. ஆனால் எதிரே நிற்பவள் செய்யக்கூடியவள், சொல்லக்கூடியவள் என்பதை மறக்காமல் ஒரு கேள்வி கேட்க முடிந்தது. பன்மைக்காகக் காத்திராமல், ஒருத்தி ஒருத்திக்குத் தந்த விகுதி அது.

‘உயு’வை நான் மாற்ற முடியாது. ஒரு மொழியின் விகுதி எந்தத் தனிமனுஷியின் கையிலும் இல்லை. அதற்காக நான் குற்றவாளியும் அல்ல. ரஷ்ய மொழி பேசுகிற யாரும் குற்றவாளி அல்ல. ஆனால் வாக்கியம் என் கையில் இருக்கிறது. யாரை எங்கே நிறுத்துகிறேன், நிறுத்தியபின் அவளுக்கும் ஒரு வாய் இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்கிறேனா என்பதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். எழுவாய் என்ற நம் சொல்லிலும் ஒரு வாய் இருக்கத்தான் செய்கிறது. இரண்டாம் வேற்றுமை ஏற்கும்போது அந்த வாயை யாரும் மூடிவிடக் கூடாது.